மூணு முனைக் கொக்கி

“கடையில வேற யாரும் இல்லையா?”

உள்ளே வந்த ஆள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். கடைக்காரிக்குச் சுருக்கென்றது. தூண்டில் சாமான் வாங்க வருகிறவர்கள், ஏரியில் மீன் கடிக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

“வீட்டுக்காரர் பின்னாடி இருக்கார்” என்று புளுகினாள்.

வீட்டுக்காரர் சரக்கெடுக்கப் போயிருந்தார். பின்னால் இருந்ததெல்லாம் காலி அட்டைப்பெட்டிகளும் சார்ஜில் கிடந்த அவளுடைய போனும்தான். போனை எடுக்க வேண்டுமென்றால் இந்த ஆளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவன் சட்டைக் கையில் ரத்தம். இன்னும் காயக்கூட இல்லை.

“போன வாரம் இங்க யார் வியாபாரம் பார்த்தது?”

“அ… அவர்தான் சார். நான் ஊர்லயே இல்ல.”

இது இரண்டாவது புளுகு. போன வாரம் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். ஏன் மாற்றிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பயம் வந்துவிட்டால் சிலருக்குக் கால் ஓடும், இவளுக்கு வாய் ஓடும்.

அவன் கண்ணாடி அலமாரிக்குள் பார்த்தான். வயிற்றிலும் வாலிலும் கொக்கி தொங்க, நிஜ மீனை ஏய்க்கும் பொம்மை மீன்கள் கலர் கலராக வரிசையில் கிடந்தன. அவற்றை விரலால் சுட்டிக்காட்டினான்.

“பிடிச்ச மீனைத் திரும்பத் தண்ணியிலயே விட்டுடணும். அதுக்கு இதுல எந்தக் கொக்கி மாட்டணும்? சதை கிழியக் கூடாது. பட்டுனு கழண்டு வரணும்.”

வியாபாரப் பேச்சு வந்ததும் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

“மூணு முனை வேண்டாம் சார், ஒத்தை முனை போதும். நுனிக்குக் கீழ பின்பக்கமாத் திரும்பின குட்டி முள் தெரியுதா? எதிர்முள். அது இல்லாத கொக்கியா எடுத்துக்குங்க, போன வழியே வந்துடும். மீனும் பிழைச்சுக்கும்.”

“எதிர்முள் இருக்குறது உள்ள போயிட்டா?”

“இழுக்க இழுக்க இன்னும் மாட்டிக்கும் சார்.”

“எவ்வளவு ஆழம் போகும்?”

“மீனுக்குத்தானே சார் கேக்கறீங்க?”

அவன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தான். பிறகு, “இரும்பையே நறுக்கற மாதிரி குறடு இருக்கா?” என்றான்.

அவன் பார்த்த பக்கம் அவளும் பார்த்தாள்.

வாசலில் ஒரு கார். பின்சீட்டில் ஒரு பெண். மூக்குக்குக் கீழே முகம் தெரியாமல் துண்டு சுற்றியிருந்தது. மேலே தெரிந்த கண்கள் அழுது அழுது வீங்கியிருந்தன. கடைக்காரி பார்ப்பதைக் கண்டதும் அந்தப் பெண் இரண்டு கைகளையும் வேகவேகமாக ஆட்டினாள். வராதே, போ, போய்விடு என்கிற மாதிரி.

“யா… யாரு சார் அது?”

“என் வீட்டம்மாதான். அவளால பேச முடியாது.”

“என்ன ஆச்சு?”

“சொல்லக் கூடாது” என்றான் அவன். “நீங்களே ஒரு தடவை கார் வரைக்கும் வாங்க. குறட்டையும் எடுத்துக்குங்க.”

அவன் முன்னால் படியிறங்கியதும் பின்கதவு வழியாக ஓடிவிடலாம் என்று கடைக்காரிக்குத் தோன்றியது. ஓடினால் தான் தப்பித்துக்கொள்ளலாம், அந்தப் பெண்ணின் கதி? கழுத்து வரை ஆபத்தில் இருந்துகொண்டு, ‘நீயாவது போய்விடு’ என்று கையாட்டுகிற மனுஷியை எப்படி விட்டுவிட்டுப் போவது?

தூண்டில் கயிற்றில் கட்டும் ஈயக் குண்டுகளில் பெரியதாக ஒன்றைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள். மறு கையில் குறடு. அவன் அசந்தால் மண்டையில் ஒரே போடு. ஒரு வழியாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியிறங்கினாள்.

அவன் கார்க் கதவைத் திறந்தான். அந்தப் பெண் இன்னும் வேகமாகக் கையை ஆட்டினாள். கடைக்காரி ஈயக் குண்டை இறுக்கிப் பிடித்தாள்.

“கோவிச்சுக்காதடி, சத்தியமா நான் வாயைத் திறக்கல!” என்று அவன் மனைவியிடம் கெஞ்சினான். “வெளிய தெரிஞ்சா மானம் போகுதுன்னு பார்த்தா முடியுமா? டாக்டர்கிட்டதான் கொக்கியை நறுக்கற குறடு இல்லையே! எந்தக் குறடு சரிப்படும்னு இவங்க பார்த்தாத்தானே சொல்லுவாங்க? நூலை முடிச்சுப் போடறப்ப பல்லுல கவ்விப் பிடிக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?”

அந்தப் பெண் வேறு வழியில்லாமல் மெல்லத் துண்டை இறக்கினாள். கீழுதட்டில் கொக்கி ஏறி, ஒரு சிவப்புப் பொம்மை மீன் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

கடைக்காரியின் கையிலிருந்த ஈயக் குண்டு நழுவித் தரையில் விழுந்தது. துண்டு விலகியதும் அவளுக்கு அந்த முகம் அடையாளம் தெரிந்துவிட்டது, மீனும்தான்.

‘ஒத்தை முனையெல்லாம் வேஸ்ட்டுங்க, மூணு முனைதான், மாட்டினா லேசுல விடாது’ என்று போன வாரம் அடித்துப் பேசி, இதே பெண்ணின் தலையில் அதைக் கட்டியவளே அவள்தான்.