பச்சை அடித்த இடம்

ஆற்றோரக் கூடாரத்தில் ரப்பர் ஆலைக் கழிவின் புளித்த நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. ஆற்றைச் சுத்தமாக்கும் இருபது வருடத் திட்டத்தின் வரைபடத்தை மேசையில் விரித்து, மூலைக்கொரு தண்ணீர்ப் போத்தல் வைத்திருக்கிறார் கொழும்பு அதிகாரி. சன்னாசிக் கிழவர் குனிந்து தேடுகிறார். ஆலை இருக்கிறது, மாணிக்கக் குழிகள் இருக்கின்றன. அவருடைய லயத்து வரிசை வீடுகள் நிற்கும் இடம் முழுக்கப் பச்சை. “எங்க லயம் எங்கங்க?” “அங்க மூங்கில் வரும், ஐயா.” “ஆத்துல அசிட்டு ஊத்துறவன் இருப்பான், நாங்க போகணுமா?” “திட்டத்துக்குக் கடன் குடுக்கிறவங்க நிபந்தனை அது. காசு வந்தாத்தானே ஆறு சுத்தமாகும்?” தோட்டத் தலைவர் பஞ்சநாதன் பெயர்ப் பட்டியலையும் மைப்பெட்டியையும் நீட்டுகிறார். “கூட்டத்துக்கு வந்ததுக்கு ஒரு கைநாட்டு வைங்க மாமா, சோத்துப் பார்சல் இருக்கு.” “பார்சலக் காட்டி வீட்டையே எழுதி வாங்குவ. நீயே தின்னு.” கிழவர் பெருவிரலை மையில் அழுத்துகிறார். பெயர்ப் பட்டியலைத் தள்ளிவிட்டு, வரைபடத்துப் பச்சையின் நடுவில் விரலை ஊன்றுகிறார். “இந்தா இருக்கு என் வீடு. இப்ப நடு ஒம் மூங்கில.”