கால் வைக்காதீர்கள்

பச்சை தெரிந்தது.

அவள் பூவாளியைக் கீழே வைத்தாள். கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

விதைத்துப் பதினான்காம் நாள். குனிந்தால் மட்டுமே தெரிகிற பச்சை. ஊசி நுனி அளவு.

அதுவும் நடுவில் மட்டும். மற்ற இடமெல்லாம் வெறும் மண்.

பத்து மணிக்கு டாக்டர் வருவார். இந்த மையம் அவருடையது. பக்கவாதம் வந்தவர்கள் இங்கே மறுபடி நடக்கப் பழகுகிறார்கள். அவர்கள் வெறுங்காலோடு நடக்க ஒரு புல்தரை வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். தோட்டத்துக்கென்று தற்காலிகமாக எடுக்கப்பட்டவள்.

இன்றைக்குள் முளை தெரியாவிட்டால் சிமெண்டுக் கல் பதித்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்காரர் அளவெடுத்துப் போய்விட்டார்.

கல்லுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் தேவையில்லை.

காலம் பார்த்துத்தான் விதைத்தாள். சித்திரையில் போட்டால் காயும். ஐப்பசி மழையில் போட்டால் விதை சாக்கடைக்குப் போகும். தென்காசிக்குச் சாரல்தான் சரி. ஆனிக் கடைசியில், சாரல் பிடித்த நான்காம் நாள் தூவினாள்.

தாவரவியல் படித்தவள். மண் இறுகினால் வேருக்கு மூச்சு முட்டும் என்று தெரியும். ஒரு சாண் ஆழம் கொத்தி, கட்டி உடைத்து, மாவுபோல் ஆக்கியிருந்தாள். சுற்றிலும் கயிறு கட்டினாள். அட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்.

கால் வைக்காதீர்கள்.

மறுநாள் காலையிலேயே ஒருவர் வைத்தார்.

இசக்கிமுத்து. பஸ் ஓட்டியவர். வலது கையும் வலது காலும் போய், பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது. சரி. சாப்பிட்டீர்களா என்றாலும் சரி. பெயர் என்ன என்றாலும் சரி.

மொசைக் தரையில் பயிற்சியாளர் தினமும் சொல்வார், காலைத் தூக்கி வையுங்க என்று. சரி என்பார். இழுப்பார். நான்கு மாதமாக.

அன்று ஊன்றுகோலால் கயிற்றை அமுக்கிவிட்டு வெறுங்காலோடு உள்ளே இறங்கியிருந்தார். அவள் பார்த்தபோது பாதி தூரம் போய்விட்டார்.

கல்லூரியில் வருகைப் பதிவின்போதுகூட அவள் குரல் மேசைவரை போகாது.

அன்று கத்தினாள்.

“விதை போட்டிருக்கேன்! கண்ணு தெரியலையா?”

வராந்தாவிலிருந்து அவர் மனைவி பேச்சியம்மாள் எழுந்து வந்தாள்.

“முப்பது வருசம் பஸ் ஓட்டுன மனுசன். கயிறு கட்டியிருக்கது தெரியலையாக்கும்? திரும்பி வாரும்!”

“சரி,” என்றார் அவர்.

கத்தியவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காது சுட்டது. குழாயடியில் போய் நின்று, நிரம்பிய பூவாளியையே மறுபடி நிரப்பினாள்.

அவர் வெளியே வர வெகுநேரம் ஆனது.

அதற்குப் பிறகு அவர் தோட்டத்துப் பக்கம் வரவில்லை. சாரலும் ஒரு வாரம் வரவில்லை.

இப்போது அவள் கயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

பச்சைக்கு ஒரு வடிவம் இருந்தது.

பாதம். பக்கத்தில் வட்டமாக, ஊன்றுகோல் முனை. பிறகு நீளமாக ஒரு கோடு, இழுபட்ட காலின் கோடு. மறுபடி பாதம்.

உள்ளே விரலை வைத்தாள். மண் கெட்டியாக, ஈரமாக இருந்தது. ஒரு விரற்கடை தள்ளித் தொட்டாள். பொலபொலவென்று உதிர்ந்தது. விரல் நுனியில் ஒரு விதை ஒட்டியது. தூவிய அன்று இருந்தது போலவே.

விதை மண்ணில் கிடந்தது. மண் அதைப் பிடிக்கவில்லை.

ஒரு பலகையைப் போட்டு மிதித்திருந்தால் போதும். அவளோ யாரும் மிதித்துவிடாமல் பதினான்கு நாள் காவல் இருந்தாள்.

பக்கத்தில் இன்னொரு வரிசை. அவர் திரும்பிப் போன வரிசை.

பாதம். வட்டம். பாதம்.

பாதம். வட்டம். பாதம்.

கயிறு வரைக்கும் பார்த்தாள். திரும்ப முதலிலிருந்து பார்த்தாள்.

கோடு இல்லை.

வலது பாதத்தில் பெருவிரல்கூடத் தனியாக முளைத்திருந்தது.

அவள் எழுந்து கயிற்றை அவிழ்த்தாள். அட்டையைக் கழற்றினாள். பையில் ஒரு கை விதை மிச்சம் இருந்தது.

ஒன்பதரைக்கு ஆட்டோ வந்தது. இறங்கிய இசக்கிமுத்து அவளைக் கண்டதும் சுவர் ஓரமாக ஒதுங்கி நடந்தார்.

குழாயடியில் நின்று அவள் சொல்லிப் பார்த்த வாக்கியம் பாதிதான் வெளியே வந்தது.

“அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம்… நடந்து குடுங்க.”

பேச்சியம்மாள் இடுப்பில் கை வைத்தாள்.

“அன்னைக்கு வெரட்டுன. இன்னைக்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கியாக்கும்?”

“சரி,” என்றார் அவர்.

அவள் விதைப் பையை இடுக்கிக்கொண்டு குனிந்து அவருடைய வலது செருப்பின் வாரை விடுவித்தாள். பிறகு இடது.

மண்ணின் விளிம்பில் அவர் நின்றார். பச்சையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவள் விதையைத் தூவியபடி முன்னால் நடந்தாள்.

டாக்டர் வராந்தாவுக்கு வந்துவிட்டார். கையில் கல்காரர் கொடுத்த தாள். மண்ணைப் பார்க்கத்தான் வந்தார். பார்த்தது இசக்கிமுத்துவின் காலை.

ஊன்றுகோல் முன்னால் போனது.

முளைகளுக்கு மேலே, வலது கால் எழுந்தது. ஒரு விரற்கடை உயரம். அப்புறம் வெறும் மண்ணில் மெதுவாக இறங்கியது.

பேச்சியம்மாள் இடுப்பிலிருந்த கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டர் கையில் தாள் மடிகிற சத்தம் கேட்டது.

“உள்ள இருக்கவங்களையும் செருப்பைக் கழட்டிட்டு வரச் சொல்லும்மா.”

அவளுக்கும் ஒரு சொல்தான் வந்தது.

“சரி.”