நெற்றியில் வைத்த போன்

பாஸ்டர் ஜெபிக்க வர முடியாத நாட்களில் வீடியோ அழைப்பில் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். எமிலி போனைக் கவிழ்த்து, படுக்கையில் கிடக்கும் கணவர் ஞானசிகாமணியின் நெற்றியில் அந்தக் கையை வைப்பாள். அன்றும் வைத்தாள். "ஆண்டவரே, இவருக்கு..." என்றதோடு சத்தம் நின்றது. புரட்டிப் பார்த்தாள். சார்ஜ் தீர்ந்து போன் அணைந்திருந்தது. கரண்டும் இல்லை. ஞானசிகாமணி கண் திறக்கவில்லை. ஆமென் சொல்லி முடிக்கும்வரை அவர் திறக்கவே மாட்டார். அவள் போனை மறுபடி நெற்றியில் வைத்தாள். போனின் சூடு இன்னும் ஆறவில்லை. முழங்கை கடுத்தது.

"பாஸ்டர் அழுறாரா எமிலி? பேச்சே வரலியே."

"ஆமாங்க."

"பாவம், அவரும் எத்தனை வீட்டுக்குத்தான் அழுவாரு. நீயே சொல்லி முடிச்சிரு."

அவள் ஜெபம் செய்வதை விட்டு வெகுகாலம் ஆகிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் மட்டும் சொல்வாள். ஜெபத்தை விட்டது அவருக்குத் தெரியாது. போனை எடுத்துவிட்டுத் தன் கையை அந்த இடத்தில் வைத்தாள்.

"ஆண்டவரே, இவருக்கு..." என்றாள்.

பாஸ்டரின் குரல் நின்ற இடம் அதுதான். அதற்குமேல் எதைக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மூடிய கண்களோடு அவர் காத்திருந்தார்.