அடுத்த புள்ளி

“என்ன வேணும்னாலும் பண்ணுங்க தம்பி, ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க.”

கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்த குருவின் கை அப்படியே நின்றது.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையைப் பார்த்த ஒற்றை அறை. வீட்டுக்கு பிளான் போட்டு, கட்டியும் கொடுக்கிற அர்ச்சுனன் மேஸ்திரியின் ஆபீஸ். லாரிச் சத்தம் கதவைத் திறந்தாலும் வரும், மூடினாலும் வரும்.

கம்ப்யூட்டர் ஆமையாக நகர்கிறதாம். புதிதாக பிளான் போட வரும் பெண், ஒரு சுவரைப் போட்டால் அது திரையில் விழுவதற்குள் கொட்டாவியே விட்டுவிடலாம் என்கிறாளாம். சரியாகாவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வரமாட்டாளாம். அவளும் போய்விட்டால் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான்.

குருவுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. சிக்கனமாக வாங்கிய மெஷின். எட்டு ஜிபியில் ஒரே ஒரு ரேம். பக்கத்து ஸ்லாட் காலி.

“ஒரே சித்தாளு கலவையும் போட்டு, கல்லும் எடுத்துக் குடுத்தா நீங்க எப்படி மேஸ்திரி கட்டுவீங்க? அந்தக் கதைதான் இது. இன்னொரு சித்தாளப் பையிலயே கொண்டாந்திருக்கேன். ரெண்டு நிமிசம் ஆஃப் பண்ணா மாட்டிடலாம்.”

மேஸ்திரி சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் தலை மட்டும் வேண்டாம் என்று ஆடிக்கொண்டிருந்தது.

“இது எங்க பாப்பா, எம் பொண்ணு, பிளான் போட வாங்குனதுங்க. பாப்பாவக் கேக்காம எப்படி?”

“அவங்க எங்கங்க?”

“ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ சொல்லப் போச்சு.”

நல்லதாகப் போயிற்று என்று நினைத்தான் குரு. டீயும் வரும், கேட்க வேண்டியவரிடம் கேட்டும் விடலாம்.

அதுவரை சும்மா இருப்பானேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

அன்றைக்கு மாதாந்திர மின்தடை. மேலே ஃபேன் நின்றுபோயிருந்தது. மேஸ்திரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேஜைக்கடியில் இரண்டு பெரிய இன்வெர்ட்டர் பேட்டரிகள். இரண்டும் அதற்கு மட்டும்தான்.

பவர் பட்டன் கண்ணில் படவில்லை. தேடினான். அதன்மேல் பிளாஸ்டிக் பைப்பின் மூடி ஒன்றைக் கவிழ்த்து, சுற்றிலும் பசை பூசி ஒட்டியிருந்தது. மேஸ்திரி வேலை, சுத்தமாக இருந்தது.

கடைசியாக எப்போது ஆன் செய்தது என்று திரையில் தேடிப் பார்த்த குருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நூத்தி முப்பத்தோரு நாளா ஓடிக்கிட்டே இருக்குதுங்க. மனுசனா இருந்தா ஆஸ்பத்திரியில சேத்திருப்பாங்க.”

மேஸ்திரி வாசல் பக்கம் பார்த்தார்.

தேவையில்லாமல் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவற்றை ஒவ்வொன்றாக மூடினான். எல்லாவற்றுக்கும் பின்னால், சுருக்கி வைத்த ஒரு பிளான் அகப்பட்டது. அதைத் திறந்தான்.

இரண்டு படுக்கையறை, கிழக்குப் பார்த்த வீடு. எல்லா அறைகளும் முடிந்திருந்தன, சமையலறை தவிர. அதன் மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பி, முடியாமல், மவுஸ் போகிற இடத்துக்கெல்லாம் இழுபட்டு நீண்டது. கீழே, அடுத்த புள்ளி எங்கே என்று கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டிருந்தது.

மேஸ்திரி நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். காரை படிந்த விரல்களை நீட்டி, கேட்காமலே மவுஸைத் தொட்டார். மெல்ல வலப்பக்கம் நகர்த்தினார். கோடு கூடவே நீண்டது. இடப்பக்கம். கோடும் வந்தது. செங்கல் வரிசைக்கு இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடிக்கிற நூலைப் போல, விறைப்பாக.

தினமும் செய்து பழகிய கை என்று குருவுக்குத் தோன்றியது.

ஆனால் அவனுக்கும் பழகிய கை ஒன்று இருந்தது. எது திரையில் சிக்கி நின்றாலும், மனம் யோசிக்கும் முன்பே அவனுடைய இடது கை கீபோர்டின் மேல் மூலைக்குப் போய்விடும். எஸ்கேப்.

தட்டினான்.

கோடு மறைந்தது.

மேஸ்திரி மவுஸை வலப்பக்கம் நகர்த்தினார். இடப்பக்கம் நகர்த்தினார். சின்னக் கூட்டல் குறி ஒன்று மட்டும் தனியாகப் போய்வந்தது.

“அந்த முனையப் பாப்பா புடிச்சிட்டு இருந்துச்சுங்க.”

“ஒண்ணும் போயிடல மேஸ்திரி. அதே மூலையில இருந்து மறுபடியும் இழுத்துடலாம்.”

“அது நீங்க புடிக்கிற முனைங்க, தம்பி.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

குரு வாசலைப் பார்த்தான். சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடை. யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. நடுவில், ஆள் கடக்க முடியாதபடி இரும்புத் தடுப்பு வைத்திருந்தார்கள். அதன் மஞ்சள் பெயிண்டின் புதுக்கருக்கு இன்னும் போகவில்லை.

டீ சொல்லப் போய் நூற்று முப்பத்தோரு நாள்.

பின்னால் ஏதோ உடைகிற சத்தம் கேட்டுத் திரும்பினான். மேஸ்திரி குனிந்து, கட்டைவிரல் நகத்தால் நெம்பி அந்த மூடியைப் பெயர்த்தெடுத்துக்கொண்டிருந்தார். அதன் கீழே பட்டன் நீலமாக எரிந்தது.

மூடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“இப்ப ஆஃப் பண்ணிக்கங்க. ரெண்டு நிமிசந்தானே.”