நல்லைநாதன் பெயருக்கு ஒரு பார்சல்

ஆரணி நல்லைநாதன் நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்தாள். பாரிஸ் லா சப்பலில் என் சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்ததும் ஒரு பழைய பாஸ்போர்ட் படத்தை நீட்டினாள்.

"அங்கிள், இவரைத் தெரியுமா? எங்கட குடும்பப் பெயர் இவரின்ரை பெயர்தான்."

தெரியாமல் என்ன? என்னோடு ஒரே அறையில் கிடந்தவன். எண்பத்து நாலில் தன் பாஸ்போர்ட்டை இவளுடைய அப்பப்பாவுக்குக் கொடுத்தான். அவர் நல்லைநாதனின் படத்தை உரித்துவிட்டுத் தன் படத்தை ஒட்டிக்கொண்டு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். உரித்த படத்தைச் சாமியறையில் வைத்தார். மூன்று தலைமுறை அந்தப் பெயரிலேயே அங்கே படித்து, வேலை பார்த்து, வீடு வாங்கியிருக்கிறது.

"நன்றி சொல்ல வந்தனான்."

"அவன் அந்த வருசமே செத்துப்போனான், பிள்ளை. கலியாணமும் கட்டேல்லை."

ஆரணி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு இடியப்பமும் சொதியும் பார்சல் கேட்டாள். கட்டி முடித்ததும் வழக்கம்போலப் பெயரைக் கூப்பிட்டேன்.

"நல்லைநாதன்!"

"ஓம், மச்சான்."

கதவோரம் இருந்தவன் எழுந்து வந்தான். அந்தப் படத்திலிருந்த அதே முகம், அதே முப்பது வயது. பார்சலை வாங்கிக்கொண்டு ஆரணியைப் பார்த்தான்.

"நான் போகாத இடமெல்லாம் என்ரை பேர் போயிருக்கு. பெரிய உபகாரம், பிள்ளை."

கதவைச் சாத்திவிட்டுப் போனான். ஆரணிக்கு வேறு பார்சல் கட்டிக் கொடுத்தேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் ஒரு பார்சலை மேசையில் வைத்து அந்தப் பெயரை ஒரு தரம் கூப்பிடுகிறேன். இதுவரை ஒரு பார்சலும் மிஞ்சவில்லை.