லயத்து மேட்டு மாரியாத்தா

"இதென்ன கூத்து! ஆர் செய்தது?"

அஜந்தனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே சரிவில் அவன் நட்டுவிட்டுப் போன சென்சார் பெட்டிக்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் அப்பி, மாலையும் போட்டிருந்தார்கள். முன்னால் சூடம் எரிந்த கரி வேறு.

கைக்குள் அடங்கும் பெட்டி. வயர் கிடையாது. கொளுத்தும் வெயில், கொட்டும் மழை எதையும் தாங்கும். மண்சரிவுக்கு முன் மலை லேசாக அசைந்தாலும் கீழே லயத்தில் சைரன் அலறும்.

"தொடாதீங்க சேர்!" தோட்டத் தலைவர் அழகையா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "நம்ம மூக்காயி கனவுல மாரியாத்தாவே வந்து, 'இதுலதான் இருக்கேன்'னு சொல்லியிருக்கா."

மூக்காயி கொழுந்துக் கூடையோடு தலைகுனிந்து நின்றாள்.

"அக்கா, உங்களுக்கு விசரோ? இது மெஷின்! இதுக்காக எத்தனை தோட்டம் காத்துக் கிடக்குது தெரியுமோ? நான் கழட்டிக்கொண்டு போறன். தலைவர், கீழ ரோட்டில நிக்கிற என்ர வானுக்குள்ள இருக்கிற சாமான் பையைக் கொண்டு வாங்கோ."

அழகையா முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மூக்காயி ஓடிவந்து அஜந்தனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டிறாதீங்க சேர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். கீழ அத்தன புள்ளைங்க தூங்குதுங்க."

"அப்ப இந்தப் பூசையை விடுங்கோ."

"விட்டா இது இங்க இருக்காது சேர். ஒங்களுக்கு முந்தி வந்தவங்களும் ஒரு பெட்டி வச்சாங்க. பேட்டரிக்கு ஆசப்பட்டு எவனோ ஒடச்சிட்டான். அந்த மழைக்கு சைரன் ஊதல. எம் மக கிருஷாந்தி தூக்கத்துலயே மண்ணுக்குள்ள போயிட்டா."

அஜந்தன் கீழே லயத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"மெஷின்னா கை வைப்பாங்க. சாமின்னா வைக்க மாட்டாங்க. அதான் கனவு கினவுன்னு கத கட்டினேன். தலைவர்கிட்ட சொல்லிறாதீங்க."

"சொல்லமாட்டன் அக்கா." அவன் குரல் இறங்கிவிட்டது. "மகள் போன பிறகும் தினம் இதுக்கு முன்னால நிண்டு கும்பிட உங்களுக்கு எப்பிடி மனசு வருது?"

"ஊரு பாக்கணும்னு கையெடுப்பேன், அவ்வளவுதான்," என்றாள் மூக்காயி. "எம் புள்ளயத் தோண்டி எடுத்த அன்னைக்கே நான் சாமி கும்பிடுறத விட்டுட்டேன் சேர்."