விழாத பாலத்தின் விலை

கண்ணாடிச் சுவர் வழியே டுலூத் நகரத்தின் பனிவெளிச்சம் எங்கள் ஆராய்ச்சிச் சுவரொட்டிகள்மீது விழுகிறது. நிதி தரும் குழு இன்னும் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். ஒவ்வொரு சுவரொட்டியின் மூலையிலும் ஒரு கட்டம்: ‘இந்த ஆய்வால் நாட்டின் வளர்ச்சிக்கு எத்தனை டாலர்?’ நான் கூசாமல் நாற்பது மில்லியன் என்று அடித்துவிட்டிருக்கிறேன். பாலங்களில் விழும் விரிசலைக் கணினியால் முன்கூட்டியே கண்டுபிடிக்கும் சக ஆய்வாளர் மார்லிஸின் கட்டம் மட்டும் காலி. துறைத் தலைவர் லின்ட்குவிஸ்ட், டோனட் சர்க்கரை ஒட்டிய விரலால் அதைத் தட்டுகிறார். “ஏதாவது ஒரு நம்பரைப் போடும்மா. எவன் சரிபார்க்கப் போறான்?” “நான் பார்த்தாச்சு,” என்கிறாள் மார்லிஸ். “பாலம் இடிஞ்சா, திரும்பக் கட்டுற செலவெல்லாம் நாட்டு வளர்ச்சிக் கணக்குல சேரும். இடியாம நின்னா ஒண்ணுமே சேராது.” “இதைப் போய் அவங்ககிட்ட சொன்னா உன் லேபை மூடிடுவாங்க.” “மூடட்டும். நான் விரிசல் பார்க்கிற பாலத்து மேலதான் நீங்க தினம் வீட்டுக்குப் போறீங்க.” மார்க்கர் மூடியைப் பல்லால் பிடுங்கி, கட்டத்தை மீறி வழியும்படி ஒரு பெரிய பூஜ்ஜியம் போடுகிறாள். ஈர பூட்ஸ்களின் சத்தம் படியேறி வருகிறது. எல்லோருக்கும் தெரியட்டும் என்று அவள் ஒதுங்கி நிற்கிறாள். நான் நகர்ந்து, என் நாற்பது மில்லியனை முதுகால் மறைத்துக்கொள்கிறேன்.